நம்ப வேண்டாத பதிப்பு

பிப்ரவரி 11
பொதுப் புகார்ப் பக்கத்தில், அனைவர் பார்வைக்கும்

மதிப்பிற்குரிய பேக்கேஜ் பராமரிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். கண் தெரியாதவர்களுக்குக் கணினித் திரையை வாசித்துச் சொல்லும் ‘உரக்க’ என்ற நிரலை எழுதியவள் நான். அதை, உங்கள் குழு தொகுத்துத் தரும் லினக்ஸ் இயங்குதள வழங்கலுக்கு ஏற்றபடி பேக்கேஜாகக் கட்டி, கேட்பவர்களுக்கெல்லாம் போய்ச் சேரும்படி செய்கிறவர் நீங்கள். இலவசமாகச் செய்கிறீர்கள். நானும் இலவசமாகத்தான் எழுதுகிறேன். ஆகவே நன்றி சொல்லும் பகுதி இத்தோடு முடிந்தது.

வேறொருவர் எழுதிய, பேச்சை உண்டாக்கும் லைப்ரரி என்னும் துணை நிரலின் பிரதி ஒன்றை என் நிரலுக்குள்ளேயே வைத்து அனுப்பியிருந்தேன். நிறுத்து விசையை அழுத்தினால் குரல் அந்தக் கணமே நிற்க வேண்டும் என்பதற்காக அந்தப் பிரதியில் சில மாற்றங்கள் செய்திருந்தேன். நீங்கள் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, உங்கள் வழங்கலில் எல்லா நிரல்களுக்கும் பொதுவாகக் கிடக்கும் லைப்ரரியோடு என் நிரலைச் சேர்த்துக் கட்டியிருக்கிறீர்கள். இப்போது விசையை அழுத்தினாலும் குரல் தன் வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் ஓய்கிறது.

மாற்றியது நீங்கள். திட்டு வாங்குவது நான். என் பிரதியை இருந்த இடத்தில் வையுங்கள். முடியாதென்றால் நிரலின் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். நான் பெறாத பிள்ளைக்கு என் முகவரியைக் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
‘உரக்க’ நிரலின் ஆசிரியர்


பிப்ரவரி 12

அக்கா,

ஊரே பார்க்கும் பக்கத்தில் எனக்கு ‘அவர்கள்’ போட்டு எழுதியிருக்கிறாய். என்னோடு வேலை செய்கிறவன் படித்துவிட்டு, “யாருடா இந்தம்மா, இப்படி வெளுத்து வாங்குறாங்க?” என்றான். கூடப் பிறந்தவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் போன் நம்பர் உன்னிடம் இல்லையா?

சரி, கேட்டுவிட்டாய், பதில் சொல்கிறேன். ஒரு லைப்ரரிக்கு ஒரே ஒரு பிரதிதான், எல்லா நிரல்களும் அதையே எடுத்தாள வேண்டும் என்பது எங்கள் வழங்கலின் விதி. அதில் ஓட்டை விழுந்தால் ஒரு இடத்தில் அடைத்தால் போதும். ஆளாளுக்கு உள்ளே ஒரு பிரதியை ஒளித்து வைத்துக்கொண்டால் எந்த ஓட்டை எங்கே திறந்து கிடக்கிறது என்று யார் தேடுவது? நான் ஆஸ்பத்திரிக் கணினிகளைக் கட்டி மேய்க்கிறவன். எங்கள் லேபில் ஒரு நிரல் இப்படித்தான் பழைய பிரதி ஒன்றை மடியில் கட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் அடைத்துவிட்டோம் என்று நாங்கள் நிம்மதியாக இருக்க, எவனோ அந்த வழியாகப் புகுந்து ரத்தப் பரிசோதனை முடிவுகளையெல்லாம் பூட்டிவிட்டுப் போய்விட்டான். வெளியே நோயாளிகள் வரிசையில் நின்றார்கள். உள்ளே நான் கைகட்டி நின்றேன். உனக்கு இது விதிப் புத்தகம். எனக்கு அப்படி இல்லை.

உன் மாற்றம் நல்ல மாற்றம்தான், நான் மறுக்கவில்லை. அதை அந்த லைப்ரரிக்காரர்களிடமே கொடுத்துவிடேன். அவர்கள் சேர்த்துக்கொண்டால் எல்லாருக்கும் தானாக வந்து சேரும்.

அப்பா கணினியிலும் என் பேக்கேஜ்தான் ஓடுகிறது. போன மாதம் லீவு போட்டுவிட்டுப் போய் நானே போட்டுக் கொடுத்தேன். காலையில் காபியோடு பேப்பரை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். “நல்லாத்தான்டா படிக்குது, கொஞ்சம் பேச்சு நீளம், அவ்வளவுதான்” என்றார். அவருக்கு ஒரு போன் போடு. நீ பேசி ரொம்ப நாளாயிற்று என்றார்.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

போட்டேன், போன். கேள் அந்தக் கூத்தை.

“என்னப்பா, விசையை அழுத்தினா குரல் நிக்குதா?” என்று கேட்டேன். “மெஷின் மேல தப்பில்லம்மா. என் விரலுக்குத்தான் வேகம் போயிடுச்சு. நான் அழுத்துறது அதுக்குத் தெரியறதுக்குள்ள அது ஒரு வரி படிச்சுடுது” என்றார். அச்சகத்தில் ஆயுசு முழுக்க ப்ரூஃப் பார்த்த மனிதர். அடுத்தவன் தப்பைக் கண்டுபிடித்தே கண்ணைத் தொலைத்தவர். அவர் இப்போது தன் விரலைச் சந்தேகப்படுகிறார். உன் கைங்கரியம்.

“அது உங்க விரல் இல்லப்பா, உங்க பையன் பண்ணின வேலை. என்னோட பதிப்ப நான் அனுப்பறேன், மாத்திக்கோங்க” என்றேன். அதற்கு என்ன சொன்னார் தெரியுமா? “வேணாம்மா. பாவம், அவ்வளவு தூரம் வந்து போட்டுக் குடுத்துட்டுப் போயிருக்கான். எடுத்தா அவன் மனசு கஷ்டப்படும்.”

உன் மனசு கஷ்டப்படக் கூடாது. அதுதான் முக்கியம். அவருக்காக, அவர் கண் மங்க ஆரம்பித்தபோது, ஆபீஸ் விட்டு வந்து சாப்பிடாமல்கூட உட்கார்ந்து எழுதிய நிரல் அது. அது எக்கேடு கெட்டால் என்ன? போனை வைத்துவிட்டேன். இனி அவரிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

‘லைப்ரரிக்காரர்களிடம் கொடு’ என்று புத்தி சொல்கிறாய். கொடுக்கவில்லை என்று உனக்கு யார் சொன்னது? கொடுத்தேன், கெஞ்சினேன், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் எழுதினேன். அங்கே இருப்பதே ஒரே ஒரு ஆள். அவருக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம், தூக்கமே இல்லையாம். அவரைக் குறை சொல்லி என்ன பயன், சம்பளமா வாங்குகிறார்?

நீ ஒருத்தன் என்றால் பொறுத்துக்கொள்வேன். லினக்ஸ் என்று பெயர்தான் ஒன்று, கடை விரித்திருப்பவர்கள் ஆளுக்கொரு பக்கம். ஒரு வழங்கலில் என் குரல் கோப்புகளுக்கு உரிமத் தாள் இல்லை என்று அவற்றை எடுத்துவிட்டார்கள். நிரல் ஊமையாகத் திறக்கிறது, ஊமையாக மூடுகிறது. இன்னொன்றில் அதை இரண்டு பேக்கேஜாக வெட்டிவிட்டார்கள். ஜனங்கள் பாதியைப் போட்டுக்கொண்டு மீதி எங்கே என்று என்னைக் கேட்கிறார்கள். மற்றொன்றில் நானே வெட்கப்பட்டு மறந்த பழைய பதிப்பை இன்றைக்கும் சுடச்சுடப் பரிமாறுகிறார்கள். அத்தனைக்கும் கதவைத் தட்டுவது என் வீட்டில்.

போன வாரம் ஒரு பெண் எழுதியிருந்தாள். டெலிபோன் ஆபரேட்டர், பிறவியிலேயே கண் தெரியாது. கிளினிக்கில் காத்திருந்தபோது அவளுக்கு வந்த பரிசோதனை முடிவைத் திறந்திருக்கிறாள். இயர்போன் கழன்றுவிட்டது. நிரல் ஊர் கேட்க வாசிக்க ஆரம்பித்திருக்கிறது. நிறுத்து விசையைக் குத்தோ குத்தென்று குத்தியிருக்கிறாள். உன் பொது லைப்ரரி வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் நின்றது. அந்த வாக்கியத்தில்தான் அவளுக்கு என்ன நோய் என்று இருந்தது. எதிர் வரிசையில் அவளுடைய ஆபீஸ்காரர்கள் இருந்தார்களாம். ‘உங்களுக்கெல்லாம் கண் இருக்கு, மனசாட்சிதான் இல்ல’ என்று எழுதியிருந்தாள். அவள் திட்டியது என்னை. உன் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

உன் லேப் கதையை நானும் படித்தேன். இதையும் நீ படி. இனி உங்களையெல்லாம் கெஞ்சிக்கொண்டிருக்கப் போவதில்லை. என் நிரலைப் பயன்படுத்துகிறவர்களிடம் நானே நேரில் பேசிக்கொள்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

நீ பதில் எதிர்பார்க்கவில்லை என்று தெரியும். அந்த டெலிபோன் ஆபரேட்டரின் கடிதம் என்னை விட்டுப் போகவில்லை. எங்கள் குழுவில் விதிவிலக்கு கேட்டுப் பார்த்தேன். “ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் வரிசையில வந்து நிப்பாங்க” என்று கையை விரித்துவிட்டார்கள். லைப்ரரி பழையபடிதான்.

வெளியீட்டுக்கு முன் எங்கள் வழங்கலை உறைய வைத்துவிடுவார்கள். அதற்கப்புறம் தலைகீழாக நின்றாலும் புதிய பதிப்பு எதுவும் உள்ளே போகாது. நீ விட்டிருக்கும் புதிய பதிப்பு கடைசி நாளில்தான் என் கண்ணில் பட்டது. வேறு யாருடைய நிரலாக இருந்தாலும் என்ன மாறியிருக்கிறது என்று வரிக்கு வரி படித்துவிட்டுத்தான் ஏற்றுவேன். உன்னுடையதைப் படிக்கவில்லை. அக்கா எழுதியது, இதில் என்ன துருவிப் பார்ப்பது என்று அப்படியே கட்டி ஏற்றிவிட்டேன். என் பக்கத்துச் சமாதானம் என்று இதை வைத்துக்கொள்.

அப்பா நேற்று, “பெரியவ உனக்காவது போன் பண்றாளா?” என்றார். பண்ணுகிறாள், வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்னைப் பொய்யனாக்காதே.

தம்பி


ஜூன் 15

அக்கா என்று எழுதக் கை கூசுகிறது.

அப்பாவின் எதிர்வீட்டு டீச்சர் போன் பண்ணினார். “அக்கா வந்திருக்காங்களா தம்பி? காலைல அவங்க குரல் கேட்டுச்சு. ஆசையா எட்டிப் பாத்தா அப்பா மட்டும்தான் மெஷின் முன்னாடி உக்காந்திருக்காரு” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆஸ்பத்திரியில் என் மேஜையிலேயே ‘உரக்க’வைத் திறந்தேன். ஸ்பீக்கர் போட்டிருந்தது. அறையில் இருந்த எல்லாரும் கேட்டார்கள்.

‘இந்த நிரலை எழுதியவள் பேசுகிறேன். இது நான் கொடுத்த பதிப்பு இல்லை. இதில் கை வைத்துக் கெடுத்திருக்கிறார்கள். இதை உங்களுக்குக் கொடுத்தவரை நம்ப வேண்டாம்.’

உன் குரல். பல்லைக் கடித்துக்கொண்டு பேசும் அதே குரல். லைப்ரரி உன்னுடையதுதானா என்று நிரல் சோதிக்கிறது. இல்லையென்றால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இதைப் பாடுகிறது. அதை நான்தான் என் கையால் ஏற்றியிருக்கிறேன். நான் படிக்க மாட்டேன் என்று தெரிந்துதான் வைத்தாயா?

வெளியீட்டுக்கு முன் இத்தனை வாரம் சோதித்தார்களே, ஒருவர் காதில்கூட விழவில்லையா என்று கேட்பாய். சோதித்தவர்கள் அத்தனை பேருக்கும் கண் தெரியும். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, ஜன்னல் திறக்கிறதா மூடுகிறதா என்று பார்த்துவிட்டு டிக் அடித்துவிட்டார்கள். நானும்தான். இந்தச் சிரிப்பை நீ சிரித்துக்கொள், உனக்கு உரியது.

ஆனால் அப்பா என்ன பாவம் செய்தார்? வெளியீடு வந்ததும் அவர் கணினி தானாக அப்டேட் ஆகிவிட்டது. டீச்சர் சொல்கிறார்: “தினமும் காலைல போடுறாரு தம்பி. உங்க அக்கா பேசி முடிச்சதும் அணைச்சுடுறாரு. பேப்பர்கூடக் கேக்கறதில்ல.” நான் அவருக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். “விடுடா” என்றார். போனை வைத்துவிட்டார். காலையில் எழுந்ததும் பெற்ற மகள் வந்து, பெற்ற மகனை நம்பாதே என்று காதில் ஓதிவிட்டுப் போகிறாள். கேட்டுவிட்டுப் பேப்பர் எப்படி இறங்கும்?

என் முகத்தில் கரி பூசு, வாங்கிக்கொள்கிறேன். அவர் காதில் ஏன் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாய்?


ஜூன் 17

தம்பி,

நீ படிக்க மாட்டாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஊரார் எழுதியதில் ஒரு காற்புள்ளி இடம் மாறினால்கூடக் கேள்வி கேட்கிறவன் நீ. பார்த்துவிட்டு எகிறிக் குதிப்பாய், அப்போது நேருக்கு நேர் பேசிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். வேறு வழங்கல்காரர்கள் படித்தார்கள், சத்தம் போட்டார்கள், இரண்டு பேர் என் லைப்ரரியைத் திரும்பச் சேர்த்தார்கள். கெஞ்சியபோது கேட்காத காது இது.

என் குரலில் ஏன் பேசினேன் என்று நினைக்கிறாய்? லைப்ரரியையே மாற்றிவிட்டவர்களிடம் அந்த லைப்ரரியைக் கொண்டு எச்சரிக்கை சொல்ல முடியுமா? பதிவு செய்த குரல்தான் வழி. அந்த ஆபரேட்டர் பெண்ணின் கடிதத்தை இன்னொரு முறை படித்துவிட்டு ஒரே மூச்சில் பேசினேன். திரும்பக் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அப்பா கேட்பார் என்று தோன்றவில்லை. நம்பினால் நம்பு, நம்பாவிட்டால் போ. ஆயிரம் பேர் கேட்க வேண்டும் என்று பேசினேன். அவரும் கேட்பார் என்று மட்டும் புத்தியில் உறைக்கவில்லை. அவர் கணினியில் இருப்பதும் உன் பேக்கேஜ்தான் என்று நீயே எழுதியிருந்தாய். அப்படியும் உறைக்கவில்லை.

எடுத்துவிட்டேன். காலையிலேயே எடுத்துப் புதிய பதிப்பு விட்டுவிட்டேன். அந்தப் பதிவு என்னிடம் எந்த மூலையிலும் இருக்கக் கூடாது என்று பழைய பிரதிகளிலிருந்தும் துடைத்து எடுத்தேன். நீ இதை ஏற்றிவிடு.

அவருக்கு போன் செய்ய எடுத்தேன். என்னவென்று ஆரம்பிப்பது? வைத்துவிட்டேன். நீயே சொல்லிவிடு.

அக்கா


ஆகஸ்ட் 3

‘ஏற்றிவிடு’ என்று ஒற்றை வார்த்தையில் எழுதிவிட்டாய். வெளியாகிவிட்ட பதிப்பில் கை வைப்பது என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நீ விரும்பியதும் இல்லை.

வெளியீட்டுக் குழுவிடம் போனேன். நிரல் வேலை செய்கிறதா என்றார்கள். செய்கிறது. ஓட்டை ஏதாவது? இல்லை. யாருடைய கோப்பாவது அழிகிறதா? இல்லை, பேசுகிறது, அவ்வளவுதான். “அப்ப அடுத்த வெளியீட்டுல பாத்துக்கலாமே” என்றார்கள். அடுத்த வெளியீடு எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாது. வாரக்கணக்கில் மல்லுக்கு நின்றேன். ‘பயனர்களைத் தவறாக வழிநடத்தும் அறிவிப்பு’ என்று தலைப்புப் போட்டுப் பார்த்தேன். ஒருவர், அறிவிப்பில் இருப்பது உண்மைதானே, நீங்கள் லைப்ரரியை மாற்றியிருக்கிறீர்கள்தானே என்று கேட்டார். கடைசியில், அந்தக் குரலை என் அப்பா தினமும் கேட்கிறார் என்று பொதுப் பக்கத்திலேயே எழுதினேன். அதற்கப்புறம்தான் அனுமதித்தார்கள். இனி நம் வீட்டுக் கதை தேடுகிறவர்களுக்கெல்லாம் கிடைக்கும்.

அப்பா கணினியில் மட்டும் இங்கிருந்தே நுழைந்து அந்தக் கோப்பை அழித்திருக்கலாம். செய்யவில்லை. கையால் மாற்றி வைத்த கணினி எதுவும் கடைசியில் என்ன ஆகும் என்று பார்த்தவன் நான். எல்லாருக்கும் வருகிற வழியிலேயே அவருக்கும் வரட்டும் என்று இருந்தேன். போன வாரம் வந்துவிட்டது. உன் குரல் போய்விட்டது.

ஆனால் காலம் கடந்துவிட்டது. அப்பா கணினியைத் தொடுவதே இல்லையாம். அந்தக் குரல் இருந்தவரைக்கும் காலையில் ஒரு முறையாவது போட்டார். இப்போது அதுவும் இல்லை. “ஏன்ப்பா போட மாட்டேங்கறீங்க?” என்றால், “என்னத்தப் போட்டு என்னத்தக் கேக்க” என்கிறார். டீச்சரின் பழைய ரேடியோவை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

அவருக்காக எழுதினாய். அவருக்காகக் கட்டினேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவர் காதையும் மூடிவிட்டோம். முதல் கை உன்னுடையது, அதை நான் மறக்க மாட்டேன்.

‘உரக்க’ பேக்கேஜை விட்டுவிட்டேன். பராமரிக்க ஆள் இல்லை என்று அறிவித்தாயிற்று. யாரும் எடுக்காவிட்டால் அடுத்த வெளியீட்டில் அது இருக்காது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.


ஆகஸ்ட் 24

தம்பி,

அப்பா வீட்டிலிருந்து எழுதுகிறேன். சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்துவிட்டேன். செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே, “பெரியவளா?” என்றார். கணினி மேல் துண்டு போட்டு மூடி, அதன் மேல் மாத்திரை டப்பாவை வைத்திருக்கிறார்.

இரண்டு நாள் அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இன்று காலை காபியைக் கையில் கொடுத்துவிட்டு, தாங்க முடியாமல் காலருகே உட்கார்ந்து, “மன்னிச்சுடுங்கப்பா, நீங்க கேப்பீங்கன்னு நெனக்கல” என்றேன். அழுதும் விட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கேள்.

“எத?”

“மெஷின்ல பேசினேனே, அத.”

“ஓ, அதுவா. அத அவன் எடுத்துட்டானா, இல்ல நீ எடுத்துட்டியா?”

“ரெண்டு பேரும்தான்ப்பா. நான் அழிச்சேன், அவன் அனுப்பினான்.”

“நெனச்சேன். சண்டைன்னா தனித்தனியா, என்கிட்டேருந்து எடுக்கணும்னா மட்டும் கூட்டு சேந்துக்குவீங்க.”

எனக்குப் புரியவில்லை. “எடுத்தது நல்லதுதானேப்பா?” என்றேன். காபியைக் குடித்து முடித்தார். அப்புறம் சொன்னார்: “நீ போன வெச்சப்புறம் எனக்கு உன் குரலே இல்லையேம்மா. ஒரு நாள் காலைல மெஷினப் போட்டா நீ பேசற. அதே கோவம், அதே ஏத்தம். எதிர்ல நின்னு தம்பியத் திட்டற மாதிரியே இருந்துச்சு. தினமும் அதுக்குத்தான் போடுவேன். கேட்டுட்டு அணைச்சுடுவேன். பேப்பர்ல என்ன இருக்கு, எல்லாம் அச்சுப் பிழை.”

நாம் நினைத்தது என்ன, நடந்தது என்ன பார். அவர் அணைத்தது வெறுத்துப்போய் இல்லை. கேட்க வந்ததைக் கேட்டாயிற்று, அதனால். அதை அவருக்கு நல்லது என்று எண்ணி நான் துடைத்து எடுத்தேன், நீ மல்லுக்கட்டி அனுப்பி வைத்தாய்.

“இனி நானே போன் பண்றேன்ப்பா” என்றேன். “பண்ணுவ. நல்லா இருக்கீங்களான்னு கேப்ப. நான் நல்லா இருக்கேம்பேன். வெச்சுடுவ” என்றார். வேறு ஏதாவது பேசிப் பதிவு செய்து தருகிறேன் என்று லேப்டாப்பைத் திறந்தேன். ‘அப்பா, காலை வணக்கம், சாப்பிட்டீர்களா’ என்று பேசிப் போட்டுக் காட்டினேன். முகத்தைச் சுளித்தார். “ரேடியோக்காரி மாதிரி இருக்கு. அது நீ இல்ல” என்றார்.

அந்தப் பழைய பதிவு என்னிடம் இல்லை. வெட்கத்தில் ஒரு இடம் விடாமல் அழித்தவள் நான்தான். ஆனால் உங்கள் வழங்கல் ஒரு முறை வெளியிட்டதை ஒருபோதும் தூக்கிப் போடாது என்று நீ பீற்றிக்கொள்வாயே. அந்தக் களஞ்சியத்தில் அது இருக்கும். எடுத்துக் கொடு. இதைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த ஆபரேட்டர் பெண் ஏதோ கம்பெனி நிரலுக்கு மாறிவிட்டாளாம். அது நிறுத்தினால் நிற்கிறதாம்.

நாளை கிளம்புகிறேன்.

அக்கா


செப்டம்பர் 9

அக்கா,

களஞ்சியத்தில் இருந்தது. நாங்கள் எதையும் தூக்கிப் போடுவதில்லை. நீ கேலி செய்த அந்தக் குணம்தான் இன்றைக்கு உனக்கு உதவியது, அதைக் குறித்துக்கொள்.

இங்கிருந்தே அப்பா கணினியில் நுழைந்தேன். வழங்கல் வழியாக இல்லை, கையால். என் பேக்கேஜை எடுத்துவிட்டு, அந்தப் பதிவு இருந்த உன் பதிப்பை நீ கொடுத்தபடியே போட்டேன், உன் லைப்ரரியோடு. இப்போது அவர் அழுத்தினால் குரல் அந்தக் கணமே நிற்கிறது. “என் விரல் திரும்பி வந்துடுச்சுடா” என்றார்.

அதில் ஒரு சிக்கல் வந்தது. லைப்ரரி உன்னுடையது என்றால் உன் நிரல் எச்சரிக்கையைச் சொல்லாது. அப்படித்தானே எழுதி வைத்திருக்கிறாய்? அந்தச் சோதனையை நீக்கினேன். எது எப்படி இருந்தாலும், திறந்ததும் அதைச் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். உன் நிரலில் நான் கடைசியாகச் செய்த மாற்றம் இதுதான்: என்னை நம்ப வேண்டாம் என்று அதைச் சொல்ல வைத்தது.

எந்த அப்டேட்டும் தொடாதபடி பூட்டியும் வைத்துவிட்டேன். நாளைக்கு அதில் ஓட்டை விழுந்தால் அது திறந்தேதான் கிடக்கும். ஆஸ்பத்திரியில் எவனாவது இப்படிச் செய்திருந்தால் அவனை வேலையை விட்டே அனுப்பச் சொல்லியிருப்பேன்.

இதனால் நமக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த அறையில், அத்தனை பேர் முன்னால், என் சொந்த அக்கா என்னைப் பற்றிச் சொன்னதைக் கேட்டவன் நான். அது என்னை விட்டுப் போகாது. உனக்கும் அந்தப் பெண்ணின் கடிதம் போகாது என்று தெரியும். பேக்கேஜை யாரும் எடுக்கவில்லை. எடுப்பார்கள் என்றும் தோன்றவில்லை. இனி எழுத எனக்கும் ஒன்றும் இல்லை.

இன்று காலை, மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்க அப்பாவுக்கு போன் செய்தேன். எடுத்தார். பின்னால் உன் குரல் ஓடிக்கொண்டிருந்தது. ‘இதில் கை வைத்துக் கெடுத்திருக்கிறார்கள்’ வரைக்கும் வந்திருந்தது. “அப்பா, நான்தான்” என்று ஆரம்பித்தேன்.

“இருடா” என்றார். “அக்கா பேசி முடிக்கட்டும்.”

தம்பி